முங்கிய எஞ்சினைக் காயவைக்காதீர்கள்

கொட்டச்சேடு,
ஏற்காடு மலை.

பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை பைபர் போட்டும் எஞ்சினும் வைத்துத் தொழிலுக்குப் போகும் தம்பிகளுக்கு,

கடல் கண்ணில் படாத ஊரிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே காபிச் செடி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அதற்கு மேல் பனி. முப்பது வருஷத்துக்கு மேல் நாகப்பட்டினம் பக்கம் உங்கள் அப்பன், சித்தப்பன் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவன் நான். மகளைக் கட்டிக்கொடுத்தது இந்த மலையில். முட்டி தேய்ந்த பிறகு நானும் இங்கே வந்து ஒண்டிக்கொண்டேன். மலை மேல் உட்கார்ந்துகொண்டு கடலுக்குப் புத்தி சொல்கிறான் கிழவன் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கரையேறியதோடு அது ஓயவில்லை. உள்நாட்டுக்குள் நடந்து வந்து எங்கள் மலையிலும் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது, ஓடையெல்லாம் ஆறாக ஓடியது. பக்கத்துத் தோட்டக்காரர் ஓடைக்கரையில் வைத்திருந்த மண்ணெண்ணெய் பம்பு எஞ்சின் வெள்ளத்தோடு போய்விட்டது. மூன்றாம் நாள் கீழே பாறை இடுக்கில், தண்ணீருக்குள் தலை மறைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். தூக்கி வந்து, காபிப் பழம் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் வெயில் படுகிற மூலையாகப் பார்த்து வைத்தார். “நல்லா காயட்டுங்க ஐயா, நாளைக்கு இழுத்துப் பாத்துக்கலாம்” என்றார்.

“அதைத் திரும்பத் தண்ணிக்குள்ள போடுங்க” என்றேன்.

வயசானவர், ஏதோ உளறுகிறார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் என் மருமகனின் முகத்துக்காக, பழம் கழுவும் தொட்டியில் இறக்கிவைத்தார். நான் வீட்டுக்குப் போய் ஸ்பேனர், பிளக் சாவி எல்லாம் எடுத்துக்கொண்டு, கடைக்கு ஆள் அனுப்பி ஆயிலும் ஸ்பிரிட்டும் வாங்கிவரச் சொல்லி, சாயங்காலம்தான் அதை வெளியே எடுத்தேன். இருட்டுவதற்குள் ஓடிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உப்பே இல்லாத ஓடைத் தண்ணீரில் விழுந்த எஞ்சினுக்கு இவ்வளவு கவனம் கிடைத்தது. உப்புக் கடலில் விழுந்த எத்தனை எஞ்சின்களுக்கு அது கிடைக்காமல் போயிற்று என்று படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதம் அந்த ராத்திரி மனசுக்குள் தொடங்கியது.

உங்கள் கையில் அடித்துச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கடலில் முங்கி எடுத்த எஞ்சினை உடனே பிரிக்க முடியாது என்றால், அதை நல்ல தண்ணீருக்குள் முக்கிவையுங்கள். மெக்கானிக் வரும்வரை அங்கேயே கிடக்கட்டும். மணலில் வைக்காதீர்கள், திண்ணையில் வைக்காதீர்கள், வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள்.

துரு பிடிக்க ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எஞ்சின் கடலடியில் கிடக்கும்வரை ஈரம் நிறைய, காற்று குறைவு. கரைக்கு வந்த நிமிஷத்திலிருந்து இரண்டும் சேர்ந்துகொள்கின்றன, உப்பு மூன்றாவதாக வந்து அவசரப்படுத்துகிறது. வெயில் பட்டால் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிப் போகும். உப்பு போகாது. அது உப்பளத்தில் காய்வது போல உங்கள் சிலிண்டருக்குள்ளேயே காய்ந்து உட்காரும், ராத்திரிக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி அரிக்கும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்குக்கென்று தனி ஆயில் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து போகும் ஆயில்தான் அந்த நீடில் பேரிங்குக்குச் சாப்பாடு. கடல் தண்ணீர் உள்ளே போனதும் அந்த மெல்லிய ஆயில் படலம் கழன்றுவிடும். அப்புறம் குண்டூசி கனத்தில் இருக்கிற உருளைகளுக்கும் காற்றுக்கும் நடுவே எதுவும் இல்லை. சில மணி நேரம் போதும்.

பேரிங்கில் மிளகு அளவு துருப்புள்ளி விழுந்தாலும் அது அன்றைக்குத் தெரியாது. எஞ்சின் ஓடும், நீங்களும் தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவீர்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, கரை கண்ணில் படாத தூரத்தில், வாடைக்காற்று எதிரே அடிக்கிற நேரத்தில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். அப்படி நின்றுபோன எஞ்சினோடு இரண்டு ராத்திரி மிதந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். வராதவர்களையும் தெரியும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கரைக்கு வந்ததும் கொஞ்சம் டீசலை எடுத்து எஞ்சின் மேல் ஊற்றுகிறீர்கள். உங்கள் அப்பாக்களிடமும் இந்தப் பழக்கம் இருந்தது, நான் கத்திக் கத்தித் தொண்டை போனது. உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. உப்பைக் கழுவாமல் டீசல் ஊற்றுவது, அழுக்குக் காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். முதலில் தண்ணீர், தாராளமாகத் தண்ணீர். எண்ணெய்க்கு அப்புறம் நேரம் இருக்கிறது.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? அங்கேதான் என் வருத்தம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போன ஞாயிற்றுக்கிழமை அது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் விசைப்படகுகளே ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. எஞ்சின்கள் மணலுக்குள் புதைந்தும் கருவேல முள்ளுக்குள் செருகியும் கிடந்தன. பிள்ளையைத் தேடுகிற கை எஞ்சினைத் தேடுமா? வாரக்கணக்கில் கழித்துத்தான் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார்கள். மூடியைத் திறந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகக் கொட்டும். கிணறுகளும் உப்பாகிப்போயிருந்த நேரம், கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குடத்தை எஞ்சினுக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு குடத்தை நான் மறக்கவில்லை, பின்னால் அதற்கு வருகிறேன்.

அதற்குப் பிறகு வந்த புயல்கள் வேறு மாதிரி. 2018 நவம்பர் 16 விடிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தது. ஆட்களை முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். புஷ்பவனத்தில் கடல் சேற்றை வாரி ஊருக்குள் கொட்டியது, மல்லிப்பட்டினத்தில் போட்டுகள் மோதி நொறுங்கின. சேதம் பெரிசு. ஆனால் எஞ்சினைக் கவனிக்க ஆள் மிச்சம் இருந்தார்கள். அப்போதும் பல எஞ்சின்கள் கவனிப்பாரில்லாமல் செத்தன. சேதக் கணக்கெடுப்புக்காகக் காத்திருந்து செத்தவையும் அவற்றில் உண்டு.

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் புயல், எந்த ஊர், யார் என்று எழுத மாட்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே கம்பெனி எஞ்சின், ஒரே வருஷம் வாங்கியது, ஒரே ராத்திரியில் ஒரே வாய்க்காலில் முங்கியது. மறுநாள் காலை இரண்டையும் கரையேற்றினார்கள். யாரோ வந்து, “கணக்கெடுக்க வருவாங்க, அப்படியே இருக்கட்டும், கழுவிட்டா சேதம்னு எழுத மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதைக் கேட்டார். தம்பிக்குப் பொறுமை கிடையாது, எஞ்சினைத் தள்ளுவண்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்து போட்டான். என் கைக்கு அன்றைக்கு எட்டு எஞ்சின் முறையில் இருந்தது. அவனுடையதைக் கோயில் குளத்துத் தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மில் தலைகீழாக இறக்கிவிட்டு, நாலாம் நாள் எடுத்தேன். ஓடியது. அண்ணனுடையது பத்தொன்பது நாள் மணலில் கிடந்தது. எழுதிக்கொள்ள வந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். வந்த பணம் ஒரு கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் காணவில்லை. அதற்குள் அவர் இழந்த பாடு, வாங்கிய வட்டிக் கடன் இரண்டையும் யாரும் எழுதவில்லை.

கணக்கெடுக்க வருகிறவர்களை நான் திட்டவில்லை. அவர்கள் பத்து ஊருக்கு ஒரு ஆளாக நடக்கிறார்கள். கழுவினால் நிவாரணம் போய்விடும் என்று சட்டமாகச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அப்படிச் சொன்னதாகச் சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த வதந்தியைக் கரையில் வளர்த்தது நாம்தான். அதைக் கொல்லவும் நம்மால்தான் முடியும்.

உங்களுக்கு வேறொரு கஷ்டமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் எஞ்சினை இறக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் உங்கள் எஞ்சினுக்கு ஓய்வும் இல்லை. கிளாம்ப் திருகு லேசாகிக்கொண்டே வரும், ஒருநாள் அலைவாயில் போட்டு குதிக்கும்போது எஞ்சின் கழன்று தண்ணீருக்குள் போகும். நான் பார்த்த முங்கிய எஞ்சின்களில் புயலில் போனதைவிட இப்படிப் போனது அதிகம். எஞ்சினுக்கும் போட்டுக்கும் ஒரு கயிறு கட்டிவைக்க எத்தனை முறை சொல்வது?

ஏற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுகிற படகுகளைப் பேத்தியோடு போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது உங்கள் எஞ்சின் பிறந்த கதை ஞாபகம் வரும். ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1909-இல் படகுக்கு வெளியே மாட்டும் எஞ்சினை விற்கத் தொடங்கினார். ஏரியில் துடுப்புப் போட்டு அலுத்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். நல்ல தண்ணீருக்குப் பிறந்த பிள்ளையை நாம் உப்புக்குக் கட்டிக்கொடுத்துவிட்டோம். அதற்கேற்ற சீர் செய்ய வேண்டாமா?

சரி, டிரம்மிலிருந்து எடுத்த பிறகு என்ன? மெக்கானிக் இல்லாத ஊர்களுக்காகச் சொல்கிறேன். எடுத்த கையோடு வேலையை முடிக்க ஆளும் சாமானும் இருந்தால் மட்டும் எடுங்கள். மூடியைக் கழற்றி, மேலும் கீழும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிளக் இரண்டையும் கழற்றுகிறவரை ஸ்டார்ட்டர் கயிற்றில் கை வைக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது இழுத்தால், காற்றைப் போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஓடிக்கொண்டிருக்கும்போதே முங்கிய எஞ்சினில் ராடு முங்கும்போதே வளைந்திருக்கலாம். ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டு பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உரசினாலோ, நறநறவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் சுற்றினால் மணல் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். அந்த எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், பிரிக்க ஆள் வரும்வரை திரும்ப டிரம்முக்குள் போகட்டும்.

தடங்கல் இல்லாமல் சுற்றினால் பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, இருபது முப்பது தடவை சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து கொட்டிவிடுங்கள். டியூபில், டாங்கில் இருந்த பழைய எண்ணெயை ஒரு சொட்டுகூட நம்ப வேண்டாம். பிறகு கார்ப்பரேட்டர் வாய் வழியாகவும் பிளக் ஓட்டை வழியாகவும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிச் சுற்றுங்கள். ஒளிந்திருக்கிற தண்ணீரோடு அது கலந்து வெளியே கொண்டுவரும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், பீடியைத் தூரப் போட்டுவிட்டு உட்காருங்கள், ஸ்பிரிட் வாடை அடங்குகிறவரை பிளக் வயரைத் தள்ளிவையுங்கள். அதற்கப்புறம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அதே வழிகளில் ஊற்றி மறுபடி சுற்றுங்கள். காயில், வயர் முனை, ஸ்விட்ச் எல்லாவற்றையும் துடைத்து, காற்றுப் பம்பு இருந்தால் ஊதி, ஈரம் விரட்டும் ஸ்பிரே அடியுங்கள். பழைய மாடலில் மேக்னெட்டுக்குள் பாயிண்ட் இருந்தால் பிளைவீலைக் கழற்றியாக வேண்டும். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். எங்கள் மலையில் தினமும் குடிக்கிற பால்காபி நிறத்தில் வந்தால் அங்கேயும் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றிவிடுங்கள். போர்-ஸ்ட்ரோக் எஞ்சினிலும் டீசல் எஞ்சினிலும் எஞ்சின் ஆயிலையும் பில்டரையும் மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்ற வேண்டும். டீசலுக்கு இன்ஜெக்டரைக் கழற்றாமல் சுற்றவே கூடாது.

புது பிளக் மாட்டி, புது எண்ணெயில் ஆயிலைச் சற்றுத் தூக்கலாகக் கலந்து, கால் தண்ணீரில் இருக்கும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினாக இருந்தாலும் அன்றைக்கு முழுக்க பெட்ரோல்தான். ஓடியதும் கைதட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், பலர் செய்யும் தப்பு இது. குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரமாவது ஓடட்டும். உள்ளே மிச்சம் இருக்கிற ஈரத்தை அந்தச் சூடுதான் விரட்டும். முதல் ஒரு வாரம் கரை தெரிகிற தூரத்தைத் தாண்டாதீர்கள், துணைப் போட்டு இல்லாமல் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் முதலில் வேண்டியது நல்ல தண்ணீர். புயலுக்கு மறுநாள் கரையில் கிடைக்காத பொருளும் அதுதான். அன்றைக்கு நான் கேட்கத் தயங்கிய ஒரு குடத்தை இப்போது கேட்கிறேன்.

ஒவ்வொரு ஊர் பஞ்சாயத்தும் ஏலக்கூடத்துப் பக்கத்தில், கடல் ஏறாத மேட்டில், இருநூறு லிட்டர் நீல டிரம் நான்கைந்து வாங்கிவையுங்கள். பெரிய தொட்டி எதுவும் வேண்டாம். எஞ்சினின் தலை தண்ணீருக்குள் மூழ்கி, கால் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் போதும். ஐப்பசி பிறப்பதற்குள் குடிக்கிற தண்ணீரால் நிரப்பி, மூடி போட்டுக் கயிற்றால் கட்டிவிடுங்கள். போர் தண்ணீர் என்றால் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். கூடவே ஒரு பெட்டி: பிளக் சாவி, நாலு அளவு ஸ்பேனர், புது பிளக், ஸ்பிரிட், ஆயில், ஈரம் விரட்டும் ஸ்பிரே. ஊர் வரியில் ஒரு மாசத்துப் பங்கு இதற்குப் போதும். பெட்டிச் சாவி பஞ்சாயத்தாரிடம் ஒன்று, எஞ்சின் வேலை தெரிந்த ஒரு பையனிடம் ஒன்று.

இரண்டாவது, முங்கிய எஞ்சினைக் கரையேற்றியதும் முதலில் போன் எடுங்கள். எஞ்சின் நம்பர் தெரிய ஒரு படம், போட்டோடு சேர்த்து ஒரு படம், ஊர்க்காரர் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க ஒரு படம். ஐந்து நிமிஷ வேலை. அதன் பிறகு யார் சொல்லுக்கும் காத்திராமல் டிரம்முக்குள் இறக்குங்கள். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் எல்லா ஊரும் சேர்ந்து ஒரே ஒரு மனுக் கொடுங்கள்: படம் எடுத்து வைத்துவிட்டுக் கழுவிய எஞ்சினையும் சேதக் கணக்கில் சேர்ப்போம் என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும். வாய்ச் சொல்லாக வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்தத் தாளை ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது லாரியில் போட்டை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நீங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்து மீனவர்கள் அவர்கள் ஊரில் அதையே செய்தார்கள். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தெருக்களில் போட்டுகள் ஓடின. தெருவில் காத்தாடி தட்டி, சாக்கடைத் தண்ணீர் குடித்து வந்த எஞ்சின்களுக்கும் இதே வைத்தியம்தான். ஊருக்கு உதவப் போகிறவன் தன் எஞ்சினைக் காப்பாற்றத் தெரிந்தவனாகவும் இருக்கட்டும்.

பஞ்சாயத்தில் பேசுங்கள். தயங்குகிற பெரியவர்கள் இருந்தால் இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. டிரம் நிரப்பிய ஊர்க்காரர்கள் ஒரு கார்டில், நிரப்பினோம் என்று மட்டும் எழுதிப் போடுங்கள். தபால்காரர் கொண்டுவந்து தருவார். இந்த மலையில் படகு எஞ்சின் மெக்கானிக் என்று விசாரித்தால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

உங்கள்
பழைய எஞ்சின் மெக்கானிக்